மூன்று கொட்டேஷன், ஒரு செக்கு ஆலை: வலைத்தளம் செய்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காங்கயம் பக்கத்தில் அப்பா நடத்தும் மரச்செக்கு எண்ணெய் ஆலைக்கு வலைத்தளம் வேண்டும் என்று மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறீர்கள். தோழியின் தம்பி, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் கணினி இடம்) எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கோவையில் தனியாகத் தொழில் செய்யும் ஒருவர் 35,000 கேட்கிறார். சென்னை நிறுவனம் ஒன்று 1,20,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கக் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறது. யாரிடம் கொடுக்கலாம், ஆறாயிரத்துக்கும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்பது உங்கள் கேள்வி.

ஈரோட்டில் பதினாறு ஆண்டுகளாக நான் செய்வது இதே வேலைதான். ஜவுளிக்கடை, மஞ்சள் மண்டி, பல் மருத்துவர், கல்யாண மண்டபம் என்று சிறிய தொழில்களுக்கே பெரும்பாலும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூவரில் யாருடைய டிசைன் அழகு என்று பார்ப்பதைத் தள்ளி வையுங்கள். இவர் நாளைக்கே தொழிலை விட்டுப் போய்விட்டால் நம் தளம் நிற்குமா, விழுமா? மூவரையும் இந்தக் கேள்வியோடு அணுகுங்கள். மற்றவை எல்லாம் அதற்கு அடுத்துதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் துணிப்பை. கடையின் பெயர், அதன் கீழே தொலைபேசி எண், அதன் கீழே வலைத்தள முகவரி. தீபாவளிக்கென்று அப்படி 5,000 பைகள் அச்சடித்துக் கடையில் அடுக்கியாயிற்று. அந்த முகவரியைத் தட்டினால் "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. தளத்தைச் செய்து கொடுத்த இளைஞர் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் வாங்கியிருந்தார். பிறகு துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலில் குவிந்து கிடந்தன. அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தொலைபேசியில் பிடித்தபோது அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் பெயர் கை மாறிவிட்டது. கடைக்காரர் வேறு முகவரி வாங்கினார். அதை ஸ்டிக்கராக அடித்து, கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையிலும் பழைய முகவரியின் மேல் ஒட்டினார்கள். இரண்டு நாள் ஆயிற்று.

டாட் காம் முகவரி ஒன்று காலாவதியானால் அன்றைக்கே போய்விடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்களோ சில வாரங்களோ வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும். அதையும் தவறவிட்டால் 5 நாளில் பதிவு அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை வந்துவிடும். இத்தனை அவகாசம் இருந்தும் பெயர்கள் பறிபோகின்றன. எச்சரிக்கைக் கடிதம் போவது பதிவில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறதோ அவருக்குத்தான். ஊரெல்லாம் தெரிந்த கடையின் முதலாளிக்கு அந்தக் கடிதம் வரவே வராது.

இதை அடுத்தவர் குற்றமாக மட்டும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தொடக்க ஆண்டுகளில் நானும் வாடிக்கையாளர்களின் டொமைன்களை என் கணக்கில்தான் வாங்கி வைத்திருந்தேன். சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு முறை டெங்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அந்தப் பத்து நாளில் ஒரு மண்டபத்தின் டொமைன் காலாவதியாகி, முகூர்த்த மாதத்தில் அவர்கள் தளம் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே புதுப்பித்துவிட்டேன் என்றாலும், மண்டபத்து மேலாளர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "எங்கள் பெயர் உங்கள் படுக்கையிலா இருக்கிறது?" அடுத்த மாதமே எல்லா டொமைன்களையும் அவரவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

ஆகவே, மூவரில் யார் என்று முடிவுசெய்வதற்கு முன்பே டொமைனை நீங்களே வாங்கிவிடுங்கள். ரயில் டிக்கெட் எடுக்கத் தெரிந்தவருக்கு இது கடினமே இல்லை. ஆண்டுக் கட்டணமும் பெரிய தொகை இல்லை. முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். ஆலைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதைக் கொடுங்கள். தொலைபேசி எண்ணாக அப்பாவுடையதையோ உங்களுடையதையோ கொடுங்கள். ஹோஸ்டிங்கும் அப்படியே. கூகுள் வரைபடத்தில் தெரியும் உங்கள் ஆலையின் பிசினஸ் புரொஃபைலில் முதன்மை உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும். தளம் செய்பவரை மேலாளராகச் சேர்த்தால் போதும். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். அந்த புரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த குட்டி வலைத்தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை மட்டுமே நம்பி விசிட்டிங் கார்டு அடித்த பல சிறு கடைகளின் முகவரி அதோடு போயிற்று. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

இப்போது மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "டொமைனும் ஹோஸ்டிங்கும் என் பெயரில் நானே வாங்கிக்கொள்கிறேன். அப்படியானால் உங்கள் விலை எவ்வளவு?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் பாதித் தேர்வு முடிந்துவிடும். "நல்லது, அதுதான் சரி" என்பவர் ஒருவர். "உங்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவர் ஒருவர். "அப்படிச் செய்ய முடியாது" என்பவர் இன்னொருவர். முடியாது என்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டாம்.

ஆறாயிரம் ரூபாய்க்கு எல்லாம் சேர்த்து எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் முப்பது, நாற்பது தளங்களை வைத்திருப்பார்கள். அதில் ஒன்றுக்குள் வைரஸ் நுழைந்தால் மற்றவற்றுக்கும் தொற்றலாம். அதைவிட மோசமானது திருட்டு நகல். இன்று உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்டுபிரஸ் என்னும் இலவச மென்பொருளில் ஓடுகின்றன. 2003-இல் தொடங்கிய அதன் மூல நிரல் எல்லோருக்கும் பொது. ஆனால் அதன்மேல் போடும் நல்ல தீம்களும் (தளத்தின் தோற்றத்தைத் தருபவை) பிளகின்களும் (கூடுதல் வசதிகளைச் சேர்ப்பவை) பல காசுக்கு விற்பவை. அவற்றின் உரிமத்தை உடைத்து இலவசமாகப் பரப்பும் இடங்கள் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்த நகலில் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது வைத்தவருக்குத்தான் தெரியும். புதுப்பிப்பும் வராது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கூகுளில் உங்கள் ஆலையின் பெயரைத் தேடினால், அதன் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம் தெரியும். உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது; தேடுபொறிக்கு மட்டும் வேறு பக்கங்களைக் காட்டும் வித்தை அது. இப்படிப்பட்ட தளங்களைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். புதிதாகக் கட்டுவதைவிட அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். எனவே எந்தத் தீம், எந்தப் பிளகின், உரிமம் யார் பெயரில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விலை மலிவு என்பதற்காக அந்தத் தம்பியைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. கேட்காமல் கொடுத்துவிட வேண்டாம் என்கிறேன்.

அடுத்து, அவர்கள் ஏற்கெனவே செய்த வேலையைப் பார்ப்பது. கொட்டேஷனில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துப் பயனில்லை. பளபளக்கும் மடிக்கணினிப் படத்துக்குள் எந்தத் தளமும் அழகாகத்தான் இருக்கும். ஐந்து தளங்களின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் செய்ததில் ஒன்றாவது இருக்கட்டும். போன மாதம் முடித்த தளம் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டு வைஃபையில் பார்க்காதீர்கள். காங்கயத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, அப்பா வைத்திருக்கும் போன் போன்ற சாதாரணப் போனில் திறந்து பாருங்கள். உங்கள் எண்ணெயை வாங்கப்போகிறவரும் அப்படி எங்கோ நின்றுகொண்டுதான் பார்ப்பார்.

போன வாரம்கூட ஒரு கடையின் தளத்தை இப்படிப் பார்த்தேன். முகப்பில் மூன்று பெரிய புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் ஏற்பாடு. ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படம். முதல் படம் முழுதாக வருவதற்குள் பஸ் ஒரு நிறுத்தம் தாண்டிவிட்டது. கீழே இறங்கினால் "எங்கள் தொலைநோக்கு", "எங்கள் இலக்கு" என்று இரண்டு பத்தி. விலை எங்கே என்று தேடினேன், இல்லை. கடைசியில் தொலைபேசி எண் இருந்தது. ஆனால் அது படமாக இருந்தது, தொட்டால் அழைப்பு போகவில்லை. எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு அழைக்க வேண்டும். அந்தத் தளத்துக்கு அவர் கொடுத்தது சிறிய தொகையாக இருந்திருக்காது.

வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற பக்கம் இலவசமாக இருக்கிறது. முகவரியைப் போட்டால் மொபைலுக்குத் தனியாக மதிப்பெண் தரும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. மதிப்பெண்ணில் நூற்றுக்கு நூறு யாரும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் செய்த ஐந்து தளங்களும் சிவப்பில், அதாவது மிகக் குறைந்த மதிப்பெண்ணில், இருந்தால் உங்களுடையதும் சிவப்பில்தான் வரும்.

பிறகு அந்த ஐந்து கடைக்காரர்களில் இருவரையாவது அழைத்துப் பேசுங்கள். "நன்றாகச் செய்வாரா?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக ஒரு விலையை மாற்ற வேண்டியிருந்தபோது யார் மாற்றினார்கள், எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேளுங்கள். உங்கள் தொழிலுக்கு இந்தக் கேள்வி உயிர்நாடி. கொப்பரை விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும் ஊரில் இருக்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் லிட்டர் விலையை மாற்றத் தளம் செய்தவருக்கு ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் அனுப்பிக் காத்திருந்தால், ஒன்று நீங்கள் நட்டப்படுவீர்கள், இல்லாவிட்டால் தளத்தில் பழைய விலையைப் பார்த்துவிட்டு வருகிறவரோடு சண்டை வரும். நீங்களே போனில் உள்ளே போய் விலையை மாற்றும் வசதி வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதுங்கள். அதை எப்படிச் செய்வது என்று ஒப்படைக்கும் நாளில் அப்பாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. நான் வேலையை ஒப்படைக்கும்போது முதலாளியே என் கண்முன் ஒரு விலையை மாற்றிக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணையை வாங்குகிறேன்.

இந்த இடத்தில் உங்கள் பக்கம் ஒரு கேள்வி. இணையத்தில் பணம் வாங்கும் கடையே வேண்டுமா? சென்னைக் கொட்டேஷனில் பாதித் தொகை அதற்குத்தான் போயிருக்கும். இப்போது மாதத்துக்கு எத்தனை வெளியூர் ஆர்டர் வருகிறது? பத்து, இருபது என்றால் தொடக்கத்தில் அது வேண்டாம் என்பேன். எண்ணெய் வகை, அளவு, விலை, கூரியர் கட்டணம் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டி, தொட்டால் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எழுதும்படி ஒரு பொத்தான் போதும். பணத்தை யுபிஐயில் வாங்கிக்கொள்ளலாம். ஐந்து லிட்டர் கேன் வழியில் ஒழுகினால் யார் பொறுப்பு, நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஒரே பெட்டியில் அனுப்பலாமா என்பதெல்லாம் இன்னும் உங்களுக்கே பழகவில்லை. அது பழகி, ஒரு நாளைக்கு ஐந்தாறு ஆர்டர் என்ற நிலை வந்த பிறகு கடைப் பகுதியைச் சேர்த்தால் எதை எப்படிச் சேர்ப்பது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும். பின்னால் சேர்க்க இடம் வைத்துக் கட்டுங்கள் என்று மட்டும் இப்போது சொல்லிவையுங்கள்.

இணையத்தில் விற்கத் தொடங்கியதும் சட்டமும் கூடவே வரும். இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்கிறாரா என்று பாருங்கள். உணவுப் பொருள் விற்பவருக்குத் தளம் செய்து பழகியவர் கேட்பார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் உங்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், பொட்டலத்தின் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி குறைதீர்க்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து தளத்தில் எழுதும் வாசகங்களில் இருக்கிறது. தளம் செய்பவர்கள் அவசரத்தில் வேறொரு எண்ணெய்க் கடையின் பக்கத்திலிருந்து "சர்க்கரை நோய் குணமாகும், மூட்டுவலி தீரும்" என்று அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்பது 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர ஒழுங்குமுறை விதி. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. எழுதியது தளம் செய்தவராக இருந்தாலும் பெயர் உங்கள் ஆலையுடையது. வாகை மரச் செக்கு, எள்ளோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டி, எண்ணெயை எத்தனை நாள் தெளிய விடுகிறீர்கள் என்பவற்றை எழுதுங்கள். வாங்குகிறவர் அறிய விரும்புவதும் அதைத்தான்.

தமிழ்ப் பக்கம் வேண்டும் என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். ஆனால் பல வடிவமைப்பாளர்கள் சறுக்குவதும் இங்கேதான். அவர்கள் செய்த தமிழ்த் தளம் ஒன்றைத் திறந்து ஒரு வாக்கியத்தை அழுத்திப் பிடித்து நகலெடுங்கள், வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் எல்லாப் போனும் தேடுபொறியும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடு, சரி. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால், அச்சக வேலைக்குப் பயன்படும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்திருக்கிறார் என்று பொருள். நகலெடுக்கவே முடியாவிட்டால் பெரும்பாலும் தமிழைப் படமாக ஒட்டியிருப்பார். இரண்டு வகையிலும் "மரச்செக்கு நல்லெண்ணெய்" என்று யாராவது தமிழில் தேடினால் கூகுளுக்கு உங்கள் பக்கம் கண்ணில் படாது.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றும் பழக்கமும் இருக்கிறது. மெனுவில் முகப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் "வீடு" என்றும், கூடை இருக்க வேண்டிய இடத்தில் "வண்டி" என்றும், கூரியர் கட்டணம் இல்லை என்பதற்கு "இலவச கப்பல்" என்றும் எழுதியிருக்கும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரருக்கு அதைப் படித்துப் பார்க்கக்கூட யாரும் காட்டியிருக்கவில்லை. நம் மொழியில் ஒரு பக்கம் போடுவது நம் பாட்டிகளும் படித்து ஆர்டர் செய்யட்டும் என்பதற்காக. அதில் இப்படி எழுதுவது வாசலில் கோலத்தை மிதித்துக்கொண்டு வரவேற்பது போல எனக்கு வலிக்கிறது. தமிழ் வாசகங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானுக்குள் அடங்காமல் உடைந்து இரண்டு வரியாகும், மேல் வரியின் உகரக் கொக்கி கீழ் வரியின் இகர வளைவோடு முட்டும். டெமோவை ஆங்கிலத்தில் காட்டினால் ஒப்புதல் சொல்லாதீர்கள். தமிழ்ப் பக்கத்தைப் போனில் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

ஒப்பந்தம் பற்றி. நம் ஊரில் சிறு வேலைகளுக்கு யாரும் எழுதிக்கொள்வதில்லை. காசு கொடுத்தாயிற்று, பொருள் நம்முடையது என்று நினைக்கிறோம். வலைத்தளத்தில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு விதிவிலக்கு உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது உங்களுடையது. ஆனால் உங்களிடம் சம்பளத்தில் இல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கும் வாசகத்துக்கும் அந்த விலக்கு இல்லை. உரிமையை உங்களுக்கு மாற்ற வேண்டும் என்றால் 19-ஆம் பிரிவு எழுத்து மூலமும் கையெழுத்தும் கேட்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு பக்கக் காகிதம் போதும்: கடைசித் தவணை கொடுத்ததும், இந்தத் தளத்துக்கென்று எழுதிய நிரல், வாசகம், வடிவமைப்பு எல்லாவற்றின் உரிமையும் காலவரையின்றி, உலகம் முழுமைக்கும் ஆலைக்கு மாற்றப்படுகிறது என்று ஒரு வரி. இதில் கையெழுத்துப் போட நல்ல தொழில்காரர் தயங்க மாட்டார்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு, டெமோ பார்த்து ஒப்புக்கொண்ட பின் ஒரு பங்கு, கடவுச்சொற்களும் முழு பேக்கப்பும் (தளத்தின் சேமிப்பு நகல்) உங்கள் கைக்கு வந்த பின் ஒரு பங்கு. முழுத் தொகையையும் முன்னால் கேட்பவரிடம் விலகி இருங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு, அந்தத் தொகைக்கு என்னென்ன செய்வார் என்று இப்போதே கேளுங்கள். மாதம் ஒரு முறையாவது பேக்கப், பிளகின் புதுப்பிப்பு, சிறு திருத்தங்கள் எத்தனை என்று எண்ணோடு எழுதட்டும். சென்னை நிறுவனம் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 1,20,000 என்பது அப்போது 1,41,600 ஆகிவிடும்.

"கூகுளில் முதல் இடம் உறுதி" என்று மூவரில் யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். முதல் இடத்தை யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

சரி, யாரிடம் கொடுப்பது? நீங்கள் எழுதியதை வைத்து என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். சென்னை நிறுவனம் உங்களுக்குப் பெரிது. அவர்கள் திறமையில் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை. பேசுகிறவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர், ஓராண்டு கழித்து அழைத்தால் எடுப்பவர் மூன்றாமவர் என்று ஆகும். எட்டுப் பக்கத் தளத்துக்கு அந்த அமைப்பின் செலவையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். நூறு பொருளும் பல கிளைகளும் உள்ள நிறுவனத்துக்கு அவர்கள் பொருத்தம்.

தோழியின் தம்பி தொழிலுக்குப் புதியவர் என்பதால் ஒதுக்கிவிடாதீர்கள். டொமைன், ஹோஸ்டிங் உங்கள் பெயரில் என்பதற்கும், திருட்டு நகல் இல்லை என்பதற்கும் ஒப்புக்கொண்டால், ஒரே பக்கத் தளம் ஒன்றை அவரால் நன்றாகச் செய்ய முடியும். ஆனால் படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் அவருக்கு நேரம் இருக்காது. அது அவர் தவறு இல்லை; நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது. சொந்தபந்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை சரியில்லை என்றால் தோழியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோவைக்காரரோடுதான் அடுத்த பேச்சை வைத்துக்கொள்வேன். அவர் விலை நடுவில் இருக்கிறது என்பது இதற்குக் காரணம் இல்லை. விலை சொல்வதற்கு முன் "மாதம் எத்தனை லிட்டர் வெளியூர் போகிறது?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். மூவரில் அவர் ஒருவர்தான் தொழிலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 35,000 ரூபாயைப் பிரித்து எழுதிக் கேளுங்கள். கடைப் பகுதியை இப்போதைக்கு எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். நேரில் ஒரு முறை ஆலைக்கு வரச் சொல்லுங்கள். காங்கயம் கோவையிலிருந்து ஒன்றும் தொலைவில்லை.

ஒரு வேண்டுகோள் உங்களிடமும். தளங்கள் தாமதமாவதற்கு எங்கள் பக்கம் எத்தனை காரணம் உண்டோ அத்தனை உங்கள் பக்கமும் உண்டு. மூன்று வாரத்தில் முடிய வேண்டிய வேலை, புகைப்படம் வராமல் மூன்று மாதம் நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் நாளுக்கு முன்பே படங்களை எடுத்துவிடுங்கள். காலை எட்டு மணி வெயில் சன்னல் வழியாக வரும்போது, கண்ணாடிப் பாட்டிலை வெள்ளைச் சுவருக்கு முன் வைத்து எடுத்தால் நல்லெண்ணெயின் நிறம் அப்படியே வரும், ஃபிளாஷ் வேண்டாம். கருப்பட்டி போட்டு எள் ஆட்டும் நாளில், செக்கின் பக்கத்தில் அப்பா நிற்கும்போது ஒன்று எடுங்கள். அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்.